கூட்டுப் பட்டமா, இரட்டைப் பட்டமா? மகளின் பி.பி.ஏ.வுக்கு நான் போட்ட கணக்கு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து நடத்தும் பி.பி.ஏ.வில் போன ஆண்டு மகளைச் சேர்த்தோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைகளில் இதற்கு மூன்று வழிகள் உண்டு: ட்வின்னிங், கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம். நாங்கள் எடுத்தது இரட்டைப் பட்டம்.

ட்வின்னிங்கை முதல் நாளே ஒதுக்கினோம். வெளிநாட்டில் பெறும் கிரெடிட், அதாவது படிப்பை அளக்கும் அலகு, மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பட்டம் தருவது இந்திய நிறுவனம் மட்டுமே. செலவு அடங்க வேண்டும் என்பவர்களுக்கு அது போதும்.

இழுபறி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான். கூட்டுப் பட்டத்தில் இரு இடத்திலும் குறைந்தது 30 சதவீதம் படித்தால், இரண்டு சின்னங்களும் பொறித்த ஒரே சான்றிதழ். இரட்டைப் பட்டத்தில் இரு பல்கலைக்கழகங்களும் ஒரே சமயத்தில் தனித்தனிச் சான்றிதழ் தரும். இரண்டு துறையில் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், படிப்பு ஒன்றுதான். ஆனால் சேர்க்கைக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அந்த வேலை இருமடங்கு.

இரட்டைப் பட்டத்தின் பக்கம் என்னைச் சாய்த்தது சான்றிதழ் என்ற அந்தத் தாள்தான். 2015 சென்னை வெள்ளத்தில் என் பட்டச் சான்றிதழ் ஊறிக் கூழாகிவிட்டது. அதற்கு நகல் சான்றிதழ் வாங்க ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு நான்கு மாதம் நடந்தேன். ஒவ்வொரு முறையும் வேறொரு ஜன்னல், வேறொரு படிவம். இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கொடுத்த தாள் தொலைந்தால் எத்தனை ஜன்னல்? பத்தாண்டு கழித்து வேலை தருபவர் பட்டம் உண்மையானதுதான் என்ற மெய்த்தன்மைச் சான்று கேட்கும்போது, இருவருக்கும் இடையிலான ஒப்பந்தமே முடிந்துபோயிருந்தால்? ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவார் என்று பயந்தேன். இரட்டைப் பட்டத்தில் அவரவர் தாளுக்கு அவரவரே பொறுப்பு. ஒன்று சிக்கினாலும் மற்றொன்று கையில் இருக்கும். இது வெள்ளத்தில் அடிபட்டவனின் பயம்தான். கூட்டுப் பட்டம் வாங்கி அப்படித் திண்டாடிய எவரையும் நான் சந்தித்ததில்லை.

இந்த விதிமுறைப்படி நடக்கும் படிப்பு எதுவானாலும் அந்தப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று தனியே இணைத்தன்மைச் சான்று தேவையில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் டைம்ஸ் அல்லது க்யூஎஸ் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 1000க்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயரை வாடகைக்கு வாங்கி நடத்தும் ஃபிரான்சைஸ் படிப்புகளுக்கு இதில் இடமில்லை.

இரட்டைப் பட்டத்தில் எனக்கு உறுத்துவது பணம். இந்தியாவில் குறைந்தது 30 சதவீதம் என்பதுதான் கட்டாயம். மீதி முழுவதும் வெளிநாட்டிலேயே அமையலாம். மகளுக்கு அங்கே இரண்டு ஆண்டுகள். இப்போதெல்லாம் காலையில் செய்தித்தாளை விரித்தால் முதலில் பவுண்டு விலையைத்தான் தேடுகிறேன்.