அப்புச்சியின் புத்தகங்களும் கண்ணாடி அலமாரியும்: ஐந்தாண்டு அனுபவம்

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில், அப்புச்சி (அம்மாவின் அப்பா) விட்டுச் சென்ற 38 பழைய புத்தகங்கள் வெகுகாலம் அட்டாலியில் (பரணில்) தகரப் பெட்டிக்குள் கிடந்தன. அவற்றை 2020 தை மாதம் கூடத்திற்குக் கொண்டுவந்து, வருகிறவர்கள் கண்ணில் படும்படி அடுக்கினேன். பெட்டிக்குள் பல ஆண்டுகளில் ஏற்படாத சேதம், நான் அழகாக வைத்த முதல் ஆண்டிலேயே ஏற்பட்டது.

முதல் தவறு அலமாரியில் தொடங்கியது. கடையில் வாங்கிய பார்ட்டிகிள் போர்டு அலமாரியின் கதவைத் திறந்தால் இரண்டு மாதம் கழித்தும் மூக்கில் ஏறும் நெடி வந்தது. அத்தகைய பலகையை ஒட்டப் பயன்படும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடும் மரத்தூளிலிருந்து அமில ஆவியும் கசிகின்றன. மூடிய கண்ணாடிக்குள் அவை தாளின் மீதே தங்கும். பழைய தாள்களில் ஏற்கெனவே அமிலம் உண்டு. என்னிடம் இருப்பவற்றுள் 1890களில் அச்சானவை இன்னும் வளைந்து கொடுக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மலிவுத் தாளில் அச்சானவையோ மூலையை மடித்தால் அப்பளம்போல் உடைகின்றன. ஆகவே அந்த அலமாரியைத் துணிமணிக்கு ஒதுக்கிவிட்டு, உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் பவுடர் கோட்டிங் செய்த இரும்பு அலமாரி ஒன்றைக் கண்ணாடிக் கதவுடன் செய்து வாங்கினேன். அதில் இதுவரை நெடியும் இல்லை, துருவும் இல்லை.

கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டிக் காற்றே புகாமல் அடைக்கச் சொன்னபோது, பட்டறைக்காரர், "அம்மிணி, இப்படி அடைச்சா உள்ள புழுங்குமுங்க" என்றார். நான் கேட்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் ஈரக்காற்றும் சாரலும் எங்கள் பக்கத்துச் சுவர்களையே வியர்க்க வைப்பவை. அந்த ஆடியில் இரண்டு காலிகோ (துணி ஒட்டிய) அட்டைகளின் மீது சாம்பல் நிறப் பூஞ்சை பூத்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. பட்டையைப் பிய்த்துவிட்டு, மேலும் கீழும் வலையடித்த துளைகள் போடச் செய்தேன். அலமாரியையும் மேற்குச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தேன்.

இணையத்தில் வாங்கிய சிறிய ஈரப்பதமானியை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு மூடியில் உப்பைச் சில சொட்டு நீர் விட்டுக் கூழாக்கி, இறுக்கமான டப்பாவுக்குள் ஈரப்பதமானியோடு ஓர் இரவு வைத்தால் அது 75 விழுக்காடு காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. அந்த ஆறைக் கூட்டித்தான் இன்றும் படிக்கிறேன். துளைகள் வைத்த பிறகு, சாரல் நாள்களில் 80ஐத் தொட்டுக்கொண்டிருந்த அளவு பெரும்பாலும் 65க்கு அருகில் நிற்கிறது. அதைத் தாண்டினால்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். காற்றோடும் அலமாரியில் அவை வீண்செலவு என்பது என் முடிவு. ஐந்தே நாளில் ஆரஞ்சு மணிகள் ஈரம் நிரம்பிப் பச்சையாகிவிட்டன. நொறுங்கும் நிலையிலுள்ள இரண்டு நூல்களை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைத்து, அங்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

வெளிச்சம் செய்த சேதம்தான் மனத்தை அதிகம் உறுத்துகிறது. சிவப்புக் காலிகோ அட்டை போட்ட ஒரு புத்தகத்தின் முன்னால் சிறிய ஃபோட்டோ ஃபிரேம் ஒன்றை நிறுத்தியிருந்தேன். எட்டு மாதம் கழித்து அதை எடுத்தபோது, ஃபிரேம் மறைத்திருந்த சதுரம் குங்குமச் சிவப்பாகவும், சுற்றியுள்ள பகுதி வெளுத்த செங்கல் நிறமாகவும் இருந்தன. நேர்வெயில் ஒருநாளும் படாத இடம் அது. சன்னல் வெளிச்சம் மட்டுமே போதுமானதாக இருந்திருக்கிறது. கண்ணாடியில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டியது உதவியது என்றாலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை உண்ணும் என்பதால் பகலில் திரை போட்டுவிடுகிறேன். அருங்காட்சியகங்களில் பழைய தாளுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான ஒளியே அளவு. நம் கூடத்துச் சன்னலோரம் அதைப்போல் பல மடங்கு.

இப்போது ஒரே ஒரு புத்தகத்தைத்தான் முகப்புத் தெரியும்படி ஸ்டாண்டில் வைக்கிறேன், அதுவும் மூன்று மாதத்திற்கு மேல் இல்லை. மற்றவை கறுப்புத் துணிக்குப் பின்னால் ஓய்வெடுக்கின்றன. விரித்துக் காட்டுவதானால் இருபுறமும் துணிச்சுருளை முட்டுக் கொடுத்து, செங்கோணத்திற்குச் சற்று மேல் மட்டுமே திறக்கிறேன். மிக நைந்தவற்றின் முகப்பை வண்ண நகல் எடுத்து அந்த நகலையே வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் வேறுபாட்டைக் கண்டுபிடித்துச் சொன்னதில்லை.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக: அந்துருண்டையின் வாடை வீட்டுக் குழந்தைகளுக்கு ஆகாது என்று எடுத்துவிட்டேன். அரைகுறையாகக் காய்ந்த வேப்பிலை தாளில் கறை ஏற்றியது. இராமபாணப் பூச்சி தென்பட்ட மூன்று நூல்களைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கவில்லை, பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். அதன்பின் பூச்சியைக் காணோம்.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். தோல் பைண்டிங் போட்ட நூல் ஒன்று கையில் செம்பொடியாக உதிர்ந்ததைப் பார்த்து, அம்மிச்சி தலைக்கு எண்ணெய் வைக்கும் பாசத்தோடு தேங்காயெண்ணெய் தடவினேன். அது அட்டையைத் தாண்டி முதல் ஆறு தாள்களில் இறங்கிவிட்டது. அந்த எண்ணெய்த் தடத்தை எடுக்க வழி கிடைக்கவில்லை. உதிரும் தோலைத் தொடாமல் பருத்தித் துணியில் சுற்றுவதே போதும். கிழிசலுக்குச் செல்லோடேப்பும் கூடவே கூடாது.

இந்த அலமாரியில் இன்னும் தீராத குறை தூசிதான். சுற்றிலும் தென்னைநார் ஆலைகள் இருப்பதால், காற்றுக்கென வைத்த துளைகள் வழியே மஞ்சித்தூளும் வந்துவிடுகிறது. வலைக்கு உட்புறம் மெல்லிய மல் துணியை ஒட்டி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழற்றித் துவைக்கிறேன். போன ஞாயிறு துவைத்தபோதும் வாளித் தண்ணீர் தேநீர் நிறமாகத்தான் மாறியது.