பிரஸ் நோட்டை வச்சு எழுதுறதா, கோர்ட்ல உக்காந்து எழுதுறதா?

க்ரைம் நியூஸ் எழுத ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, போலீஸ் குடுக்குற பிரஸ் நோட்டை வச்சு அன்னைக்கே போட்டுடறது. ஜனங்கள எச்சரிக்க, காணாமப்போனவங்கள தேட இந்த வேகம் வேணும்தான். ஆனா அதுல ஒரு தரப்பு மட்டும்தான் பேசுது, கைதானவர் அப்போ குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும்தான், தலைப்புல "குற்றவாளி சிக்கினான்"னு போட்டு முடிச்சிடறாங்க.

1996 அட்லாண்டா ஒலிம்பிக் குண்டுவெடிப்ப எடுத்துக்கோங்க, குண்டு இருந்த பையைக் கண்டுபிடிச்சு ஜனங்கள நகர்த்தின காவலாளி ரிச்சர்ட் ஜுவெல்லையே அவர் மேலதான் சந்தேகம்னு விசாரணை தரப்புல இருந்து கசிஞ்ச தகவலை நம்பி வாரக்கணக்குல மீடியா துரத்துச்சு, அவர் மேல கேஸே போடல, உண்மையான ஆள் எரிக் ருடால்ஃப் 2005லதான் ஒத்துக்கிட்டான்.

இன்னொண்ணு, குற்றப்பத்திரிகை, சாட்சி, தீர்ப்புன்னு கேஸ் கூடவே போறது. லேட்டாகும், ஆளும் செலவும் ஜாஸ்தி. ஆனா குறுக்கு விசாரணையில சாட்சி "இருட்டா இருந்துச்சு, முகம் சரியா தெரியல"ன்னு தடுமாறுற இடம் எந்த பிரஸ் நோட்லயும் வராதுங்க.

என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான். அவசரத்துக்கு முதல் வழில போனாலும், ஆள் விடுதலையானா அதே சைஸ்ல போடணும், பழைய லிங்க்லயே மேல தீர்ப்பை சேத்துடணும், ஏன்னா பேரைப் போட்டு தேடுறவங்க கண்ணுல படுறது அந்த லிங்க்தான்.