மினுக்கா, சிவப்பா: குளிர் பட்ட மரபணுவைக் கண்ணால் பார்க்க

மார்கழியிலும் காரைக்குடிப் பக்கம் இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நெல்லுக்கு 15-க்குக் கீழே போனால்தான் உண்மையான குளிர். அதனால் ஒரு மரபணு குளிரில் விழிப்பதை, அதாவது செயல்படத் தொடங்குவதை, செட்டிநாட்டில் கண்ணால் பார்க்க நினைப்பவர் நாற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு வலைக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். மரபணு மாற்றிய செடியை அனுமதியில்லாமல் திறந்த வயலில் வைக்க இந்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 1989 விதிகள் இடம் தராது.

குளிரில் விழிக்கும் மரபணுவின் முன்னியக்கியோடு (மரபணுவை இயக்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதி) ஓர் அடையாள மரபணுவை (இயங்கும்போது நிறமோ ஒளியோ தருவது) இணைப்பதுதான் வழி. எந்த அடையாளம் என்பதே கேள்வி. நீல நிறம் தரும் நொதியான கஸ் என்றால் இலையை வெட்டி 37 டிகிரியில் அதற்கான கரைசலில் ஊறவைக்க வேண்டும். அதே இலையை மறுநாள் பார்க்க முடியாது. பச்சையாக ஒளிரும் புரதமான ஜி.எஃப்.பி.க்குத் தனி விளக்கும் வடிகட்டியும் தேவை. வெளியிடத்துக்கு இரண்டும் வேண்டாம்.

மின்மினியை ஒளிரவைக்கும் நொதியான லூசிஃபெரேஸ் நேரத்தைக் காட்டுவதில் கெட்டி. செடியின் குளிர் தாங்கும் திறனைத் தூண்டும் சிபிஎஃப் மரபணுக்கள் குளிர் பட்ட 15 நிமிடத்திலேயே எழும். அந்த ஏற்ற இறக்கத்தைப் படமாக்க இதுதான் சரி. ஆனால் அந்த நொதி ஒளிரத் தேவையான லூசிஃபெரினை 1 மில்லிமோலார் அடர்த்தியில், 0.01 சதவீத டிரைட்டன் (சோப்பு போன்ற பொருள்) கலந்த நீரில் கரைத்துச் சீராகத் தெளிக்க வேண்டும். பச்சையத்தின் சொந்த ஒளி அடங்க 5 நிமிடம் கும்மிருட்டு, பிறகு குளிரூட்டிய கேமராவில் சில நிமிடப் பதிவு. லூசிஃபெரின் வெளிச்சம் படாமல் உறைநிலையில் இருக்க வேண்டும், விலையும் அதிகம். இதெல்லாம் ஒவ்வொரு முறையும்.

பராமரிப்பில்தான் ரூபி என்ற சிவப்பு அடையாளம் வெல்கிறது. எங்கள் சாய்வும் அதன் பக்கமே. 2020-ல் வெளிவந்த இது, மூன்று மரபணுக்களை ஒரே முன்னியக்கியின் கீழ் கோத்து, செடியிலேயே இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தைப் பீட்ரூட் நிறமியாக்குகிறது. தெளிப்பு இல்லை, இருட்டு இல்லை, கேமரா இல்லை. மின்சாரம் போனாலும் செம்மை போகாது. அதுவே குறையும்கூட: ஏறிய நிறம் குளிர் போனதும் உடனே இறங்காது. ஆகவே ரூபி 'பட்டது' என்று சொல்லும். 'எப்போது' என்று சொல்லாது. நேரமே கேள்வி என்றால் லூசிஃபெரேஸ் மினுக்குக்குப் போங்கள்.

இன்னொரு சிக்கலைத் தாண்டியே ஆக வேண்டும். பல செடிகள் குளிரில் ஆந்தோசயனின் என்ற வேறொரு நிறமியைச் சேர்த்துத் தாமாகவே சிவக்கும். இலைத் துண்டைக் கொஞ்சம் தண்ணீரில் நசுக்கி வடிகட்டிச் சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். ஆந்தோசயனின் சங்குப்பூ நீர் போல நீலமும் பச்சையுமாகத் திரும்பும். பீட்ரூட் நிறம் பெரிதாக அசையாது. கோழிக்கொண்டை, தண்டுக்கீரை வகைகளில் இந்த நிறமி இயல்பாகவே இருப்பதால் அங்கே ரூபி உதவாது.

வானம் பார்த்த செம்மண் பூமியில் பெரிய பொறி முன்னியக்கிதான். ஆர்டி29ஏ என்ற மரபணுவின் முன்னியக்கி குளிருக்கு மட்டுமல்ல, வறட்சிக்கும் உப்புக்கும் விழிக்கும். தொட்டி ஒருநாள் காய்ந்தால்கூடச் செடி சிவக்கலாம். அதைக் குளிர் என்று எழுதிவைப்பது பெரும்பிழை. எனவே மூன்று வரிசை வையுங்கள்: குளிர் காட்டி நீர் விட்டவை, குளிர் காட்டாமல் நீர் விட்டவை, குளிர் காட்டாமல் காயவிட்டவை. மூன்றாவது சிவந்தால் முன்னியக்கியை மாற்றுங்கள். குளிர்ப்பெட்டியில் வைக்கும் நேரத்தையும் மாற்றாதீர்கள். சிபிஎஃப்பின் எழுச்சி உயிர்க்கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது, காலையில் கூடும், மாலையில் குறையும்.