குழந்தைகள் உதவி எண் 1098: ஒரு சபை விசுவாசியின் மதிப்புரை

1098 என்ற எண்ணை அழைத்தால் என்ன நடக்கும் என்று, ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடுகிற நேரத்தில், எங்கள் சபைப் பெண்கள் சிலர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டிருக்கிறார்கள். வெளிப்படையாகக் கேட்க அஞ்சுகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். காவிரிப் படுகையில் இயங்கும் சுயாதீன சபை ஒன்றில் பல ஆண்டுகளாகச் சண்டே ஸ்கூல் நடத்தி வருகிறேன். ஒரு தாய் தன் குழந்தைக்கு நேர்ந்ததை முதலில் என்னிடம் சொன்னதால் இந்தச் சேவையை அருகிலிருந்து பார்க்கும் நிலை எனக்கு வந்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என அடையாளம் தரும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. எனவே ஊரும் ஆண்டும் இங்கே இல்லை. குழந்தை ஆணா பெண்ணா என்பதும் இல்லை.

ஒரு சேவையை மதிப்பிட, அதற்கு மாற்றாக என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு முதலில் கிடைத்தது சபையின் உள் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவர் வாலிபர் ஐக்கியத்தை நடத்தி வந்தவர், கீபோர்டு வாசிப்பார், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி முழுவதும் அவர் பொறுப்பில்தான் நடந்தது. மூப்பர்கள் கூடினார்கள், அந்தத் தாயை வரவழைத்தார்கள், நடந்ததை ஆண்கள் நிறைந்த அறையில் மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார்கள். பிறகு போதகர் ஐயா மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தைத் திறந்து, சகோதரன் குற்றம் செய்தால் தனியே சந்தித்து உணர்த்துவதே வேதம் காட்டும் வழி என்றார். உபவாச ஜெபத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறிக்கப்பட்டது. அந்த மனிதர் கிளைச் சபைக்கு மாற்றப்பட்டார். அங்கேயும் சண்டே ஸ்கூல் உண்டு. "இது சபையின் சாட்சி சம்பந்தப்பட்ட விஷயம், சிஸ்டர், வெளியே போனால் கர்த்தருடைய நாமம்தான் தூஷிக்கப்படும்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்கள்.

அவர்கள் திறந்த அதே அதிகாரத்தில், 15-ஆம் வசனத்துக்கு முன்பாகவே 6-ஆம் வசனம் இருக்கிறது. சிறியவர்களில் ஒருவருக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்துவதே நலம் என்று இயேசு சொல்கிற இடம் அது. வேதத்தைத் தலைகீழாக அறிந்தவர்கள் அந்த ஒன்பது வசனங்களைத் தாண்டிப் போய்த் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டதுதான் என் விசுவாசத்தை முதலில் ஆட்டியது. ஒரு பாவி சபைக்குள் இருந்தான் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் சபை பாவிகளுக்கானது என்றுதான் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தேவனுடைய பெயரைச் சொல்லி ஒரு தாயின் வாயை அடைக்கலாம் என்று நல்லவர்கள் பலர் சேர்ந்து முடிவெடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அவர்களுடைய அச்சம் முழுவதும் பொய்யில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் ஓரத்தில் தகரக் கூரையின் கீழ் கூடுகிற சிறிய சபைக்கு, ஒரு புகார் வந்தால் ஆராதனையே நின்றுவிடுமோ, எல்லாக் கிறிஸ்தவர்களையும் ஒரே கண்ணால் பார்ப்பார்களோ என்ற பயம் உண்டு. ஆனால் அந்தப் பயத்தின் விலையை ஒரு குழந்தையிடம் வசூலிக்க எந்தச் சபைக்கும் உரிமை கிடையாது.

இனி சேவைக்கு வருகிறேன். 1098 கட்டணமில்லாத எண். இரவும் பகலும் இயங்குகிறது. 1996-ல் மும்பையில் தொடங்கிய சைல்டுலைன் நாடெங்கும் பரவியது. மாவட்டந்தோறும் தொண்டு நிறுவனங்கள் அதை நடத்தி வந்தன. 2023 முதல் அரசே அதை ஏற்று நடத்துகிறது. அழைப்பு மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்று, அங்கிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பப்படுகிறது. உடனடி ஆபத்து என்றால் 112 என்ற அவசர உதவி எண்ணுடன் இணைக்கப்படுகிறது. உள்ளூர்த் தொண்டு நிறுவனப் பணியாளர்களின் முகப்பழக்கம் இந்த மாற்றத்தில் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. என் பார்வையில், முகம் பழகாதவர் வந்ததே எங்களுக்கு வசதியாக இருந்தது, ஏனென்றால் எங்கள் ஊரில் முகம் பழகிய எல்லோரும் போதகர் ஐயாவுக்கும் பழகியவர்கள்.

எங்கள் அழைப்பை எடுத்த பெண் தமிழில் நிதானமாகப் பேசினார். குழந்தை இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா, சம்பந்தப்பட்டவர் அருகில் வந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா என்பவையே அவர் முதலில் கேட்டவை. நாங்கள் எந்த மதம், எந்தச் சாதி என்று அவர் கேட்கவில்லை. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. மூப்பர்கள் கூட்டத்தில் கடைசிவரை ஒருவர்கூடக் கேட்காத கேள்வி, அதாவது குழந்தை எப்படி இருக்கிறது என்பது, இங்கே முதல் கேள்வியாக வந்தபோது அந்தத் தாய் பேச முடியாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அதன்பின் நடந்தவற்றைச் சட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும், கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிய வேண்டும், அவர் சீருடையில் இருக்கக் கூடாது என்று 24-ஆம் பிரிவு கூறுகிறது. எங்களுக்கும் அப்படியே நடந்தது. அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து வந்தவர் சாதாரணச் சேலையில் வந்தார். பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முதலில் குழந்தை வளர்க்கும் கோழிக்குஞ்சுகளைப் பற்றித்தான் பேசினார். தாய் தொடங்கும் முன் ஜெபிக்க விரும்பினார். அந்த அதிகாரி எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார். அவர் திருநீறு அணிந்தவர். சபையில் எங்களுக்குக் கிடைக்காத மரியாதையை அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தந்தார்.

காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். அந்தக் குழு, வழக்கு முடியும்வரை குடும்பத்துக்குத் துணை நிற்க ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். எங்களுக்கு அமைந்தவர் மருத்துவமனைக்கும் நீதித்துறை நடுவரிடமும் உடன் வந்தார், ஒவ்வொரு தாளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தாய்க்குப் படித்துக் காட்டினார். அந்தத் தாய் நடவு வேலைக்குப் போகிறவர். மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை நடவு மும்முரமாக இருக்கும் நாளில் அலுவலகத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்கு நலக் குழு உதவித்தொகை பரிந்துரைக்கலாம், பரிந்துரைத்த ஒரு வாரத்துக்குள் அது கொடுக்கப்பட வேண்டும். இதை யாரும் தாமாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காமல் கேட்டு வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. குற்றத்தை நீதிமன்றம் கவனத்தில் எடுத்துக்கொண்ட 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், கூடுமானவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்பது 35-ஆம் பிரிவு. "கூடுமானவரை" என்ற சொல் எவ்வளவு நீளும் என்பதை நாங்கள் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். வழக்கு நடப்பதால் இதற்குமேல் எழுத மாட்டேன். இன்னொன்று, இந்தச் சேவை குழந்தைக்கானது. பெரியவர்களுக்குள் உடைந்ததை ஒட்டித் தருவது அதன் வேலையில்லை. "கர்த்தர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், அக்கா?" என்று அந்தத் தாய் ஆதரவு நபரின் முன்னிலையிலேயே என்னிடம் கேட்டார். ஆதரவு நபர் பதில் சொல்ல முயலவில்லை. நானும் சொல்லவில்லை. சபையில் அதே கேள்விக்கு, இது விசுவாசத்தின் சோதனை என்று ஒரு மூப்பர் உடனே பதில் வைத்திருந்தார்.

சபையார் அதிகம் கேட்கிற சந்தேகம், புகார் கொடுப்பது நம் விருப்பந்தானே என்பது. இல்லை. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. போதகர், மூப்பர், பாதிரியார், குருக்கள், இமாம் என்று யாருக்கும் அதில் விலக்கு எழுதப்படவில்லை. தெரிவிக்காமல் இருந்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குப் போட முடியாது. மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் பாலியல் குற்றம் செய்தால் சட்டம் அதைக் கடுமையாக்கப்பட்ட குற்றமாக வகைப்படுத்துகிறது. 2022 நவம்பரில் மகாராஷ்டிரத்து விடுதி மாணவியர் தொடர்பான வழக்கில், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது குற்றவாளிகளைக் காப்பாற்றும் முயற்சியே என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. உள் விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பெரிய சபைகளில் இப்படி நடக்காது, படிப்பில்லாத சிறு சபைகளின் கோளாறு இது என்று சொன்ன நண்பர் ஒருவர் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகியது எதனால்? கிறிஸ்தவக் கோடை முகாம்கள் வழியாகச் சிறுவர்களை வதைத்த ஜான் ஸ்மைத் என்பவரைப் பற்றித் திருச்சபையின் முக்கியமானவர்களுக்கு 1980-களிலேயே தெரிந்திருந்தும் காவல்துறைக்கு அது போகவில்லை. அவர் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கும் முகாம்கள் நடத்தினார். எங்கள் கிளைச் சபைக்கும் ஜிம்பாப்வேக்கும் தூரத்தில்தான் வேறுபாடு.

போதகர்கள் அரசாங்கத்திடம் போவது ஆவிக்குரிய வழியில்லை என்பவர்களுக்கு, நம் தஞ்சாவூரிலேயே எதிர்ச்சான்று இருக்கிறது. மன்னர் துளஜா 1787-ல் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை, அரியணையில் அமர்ந்த அமர்சிங் அடைத்து வைத்துக் கொடுமைப்படுத்தியபோது, அவனுக்குக் காப்பாளராக இருந்த மிஷனரி சுவார்ட்ஸ் அரண்மனைக்கு உபவாச ஜெபம் குறித்துக் கொடுக்கவில்லை. சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அரசுக்கு எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார், 1793-ல் சிறுவன் சென்னைக்குப் பாதுகாப்பாகக் கொண்டுபோகப்பட்டான். கம்பெனிக்கு இதில் தன் கணக்கு இருந்தது என்பது உண்மைதான். ஆனால் சுவார்ட்ஸின் கடிதங்களுக்குக் காரணம் ஒரு பிள்ளையின் துன்பம். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்தில், மரணப் படுக்கையில் இருக்கும் அவருடைய கையைச் சரபோஜி பற்றியிருக்கும் பளிங்குச் சிற்பத்தை இன்றும் காணலாம். அந்த மன்னரே ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லி இங்கிலாந்தில் செய்வித்தது அது. எங்கள் போதகர் ஐயா மிஷனரி ஞாயிறுதோறும் சுவார்ட்ஸைப் பற்றிக் கண் கலங்கப் பிரசங்கிப்பார். கடிதம் எழுதிய பகுதி மட்டும் அந்தப் பிரசங்கத்தில் வராது.

நான் சபையை விட்டுவிட்டேனா என்று கேட்கிறார்கள். சில ஞாயிறுகள் போகிறேன், சில ஞாயிறுகள் போவதில்லை. போகிற நாளில் பாட்டில் சேர்ந்துகொள்கிறேன். போதகர் ஐயாவின் ஜெபத்துக்கு ஆமென் சொல்ல மட்டும் வாய் வருவதில்லை. வீட்டில் சங்கீதம் வாசிக்கிறேன், அதிலும் எதுவரைக்கும் கர்த்தாவே என்று கேட்கிற சங்கீதங்களையே வாசிக்கிறேன். அந்தக் குடும்பம் இப்போது எந்த ஆலயத்துக்கும் போவதில்லை. அவர்களைத் திரும்ப அழைக்கும் தகுதி எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சேவைக்கு ஐந்தில் நான்கு தருகிறேன். குறைத்த ஒன்று காலதாமதத்துக்கானது. அதில் பெரும்பங்கு நீதிமன்றங்களுடையது, தொலைபேசியை எடுத்தவருடையது அல்ல. புகார் கொடுக்க நினைப்பவர்கள் சபைத் தலைவர்களிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முதலில் எண்ணை அழுத்துங்கள், பிறகு வேண்டுமானால் அவர்களிடம் சொல்லுங்கள். குழந்தையிடம் துருவித் துருவிக் கேட்டு நீங்களே விசாரிக்க வேண்டாம். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள். குழந்தையின் துணிமணிகளைத் துவைத்துவிடாதீர்கள், போனில் உள்ள செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

வழக்குப் பதிவான பிறகு எங்கள் சபைச் சுவரில் "குழந்தைகள் பாதுகாப்புக் குழு" என்ற தலைப்பில் லேமினேட் செய்த தாள் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அதில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. மூவரும் ஆண்கள், அவர்களில் இருவர் அன்றைய கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். 1098 அதில் இல்லை. சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜெபித்துச் சொல்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.