ஏடா, திரையா: மூன்று உளவு நாவல்களும் அவற்றின் படங்களும்

உளவு நாவல் படமாகும்போதெல்லாம் ஒரே வகைப் புகார்தான் வரும். ஊர் மாறிவிட்டது, பெயர் மாறிவிட்டது, கடைசியில் செத்தவன் வேறு விதமாகச் சாகிறான். இவை சில்லறைக் கணக்கு. கவனிக்க வேண்டியது, அந்த நாவலின் பரபரப்பு எங்கே குடியிருக்கிறது என்பதை. ஒருவன் கையால் செய்யும் வேலையில் இருந்தால் கேமராவுக்குக் கொண்டாட்டம். பழைய கோப்புகளிலும் யாரோ ஒருவரின் ஞாபகத்திலும் இருந்தால் இயக்குநருக்குத் திண்டாட்டம். மூன்று ஜோடிகளை எடுத்துப் பார்த்தால் இது புரியும். முடிவுகளை மறைக்காமல்தான் பேசப்போகிறோம். படிக்காதவர்கள், பார்க்காதவர்கள் போய்விட்டு வரலாம்.

முதலில் சுலபமானது. ஃப்ரெடரிக் ஃபோர்சித்தின் 'தி டே ஆஃப் தி ஜக்கால்' 1971இல் வந்தது. ஃப்ரெட் ஸின்னமனின் படம் 1973இல். பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல ஓ.ஏ.எஸ். என்ற ரகசியத் தீவிரவாத அமைப்பு 5 லட்சம் டாலருக்கு ஒரு வெளிநாட்டுக்காரனை அமர்த்துகிறது. டி கோல் 1970 நவம்பரில் இயற்கையாக இறந்துபோனவர் என்பது வாசகர் எல்லோருக்கும் தெரியும். அதாவது கொலை நடக்காது என்று தெரிந்தேதான் படிக்கிறோம். பதிப்பாளர்கள் பலர் இந்தக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியதில் வியப்பில்லை. ஆனால் ஃபோர்சித் 'நடக்குமா' என்ற கேள்வியையே தொடவில்லை. 'எப்படிச் செய்வான்' என்பதில்தான் முழுப் புத்தகமும் ஓடுகிறது.

இறந்துபோன குழந்தையின் கல்லறையில் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்தப் பெயருக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதை வைத்து அசல் பாஸ்போர்ட்டே எடுக்கிறான் ஜக்கால். நாவலில் இது படிப்படியாக, எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்ற விவரத்தோடு வரும். படத்தில் சில காட்சிகள்: கல்லறைத் தோட்டம், ஒரு கவுண்டர், ஒரு கையெழுத்து. வசனம் அனேகமாக இல்லை. ஆனாலும் எதுவும் குறையவில்லை. செய்கிற வேலையைப் பார்த்தாலே போதும், சொல்ல ஆள் வேண்டியதில்லை. தர்பூசணிக் காட்சியும் இப்படித்தான். பழத்தில் முகம் வரைந்து மரத்தில் தொங்கவிட்டு, தூரத்திலிருந்து சுடுகிறான். குண்டு தள்ளிப் படுகிறது. ஸ்கோப்பின் திருகை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் திருப்புகிறான். மறுபடி சுடுகிறான், மறுபடி திருப்புகிறான். குறி சரியானதும் வெடிகுண்டுத் தோட்டாவைப் போடுகிறான். பழம் சிதறித் தெறிக்கிறது. அந்தத் தோட்டாவின் உள்ளே ஏன் ஒரு சொட்டுப் பாதரசம், அது பட்டதும் எப்படி முன்னால் பாய்ந்து ஈய மூக்கைப் பிளக்கிறது என்ற விளக்கம் நாவலில் இருக்கிறது. படத்தில் அது எதற்கு? சிதறிய பழமே விளக்கம்.

படம் கத்தரித்தவையும் பெரும்பாலும் நியாயமானவை. நாவலில் துப்பாக்கி செய்பவர் பிரஸ்ஸல்ஸ்காரர், படத்தில் ஜெனோவாக்காரர். ஓ.ஏ.எஸ். மெய்க்காவலன் ஒருவனை அவன் மகளின் நோயைச் சொல்லி வரவழைத்துப் பிடிக்கும் கிளைக்கதை நாவலில் நீளமானது. படத்தில் மகளே இல்லை. டேனிஷ் பாஸ்போர்ட் தவிர ஓர் அமெரிக்க மாணவனின் பாஸ்போர்ட்டையும் நாவலின் ஜக்கால் திருடி வைத்திருப்பான். படம் அந்த வேஷத்தை விட்டுவிடுகிறது. எட்வர்ட் ஃபாக்ஸ் அப்போது பெரிதாக அறியப்படாத நடிகர். கூட்டத்தில் கலந்தால் தெரியாத முகம் வேண்டும் என்று ஸின்னமன் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தார். அந்த இடத்தில் ஒரு நட்சத்திரத்தை வைத்திருந்தால் படம் முதல் ரீலிலேயே படுத்திருக்கும்.

ஒரே ஓர் இடத்தில் புத்தகம் படத்தை முந்துகிறது. கடைசியில் குண்டு தவறுகிறதே, ஏன்? பதக்கம் குத்திய முன்னாள் வீரரின் கன்னத்தில் முத்தமிட டி கோல் சட்டென்று குனிகிறார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது அன்றாடப் பழக்கம். ஆங்கிலேயனான ஜக்காலுக்கு அது தோன்றவே இல்லை. மாதக்கணக்கில் எல்லாவற்றையும் கணக்கிட்டவன், ஊர் வழக்கம் ஒன்றைக் கணக்கில் எடுக்காததால் தோற்கிறான். படம் குனிவதைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. கண்ணிமைத்தால் போச்சு, வெறும் அதிர்ஷ்டம் என்றுதான் படும்.

இனி சிக்கலானது. ஜான் லெ காரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' 1974 நாவல். இதற்கு இரண்டு போட்டியாளர்கள்: 1979இல் பிபிசி எடுத்த 7 பகுதித் தொடர் (அலெக் கின்னஸ்), 2011இல் தாமஸ் ஆல்ஃபிரட்சன் எடுத்த 127 நிமிடப் படம் (கேரி ஓல்ட்மேன்). தொடர் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அமெரிக்காவில் ஒளிபரப்பியபோது அதை 6 பகுதிகளாக வெட்டி ஒட்டினார்கள். கிடைத்தால் 7 பகுதிப் பதிப்பையே பாருங்கள்.

பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் ஒரு சோவியத் ஆள் உட்கார்ந்திருக்கிறான். யார் என்று, வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ஸ்மைலி கண்டுபிடிக்க வேண்டும். அவர் கையில் துப்பாக்கி கிடையாது. சாதாரண ஹோட்டல் அறையில் உட்கார்ந்து கோப்புகளைப் படிக்கிறார். பழைய சகாக்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். நாவலின் பெரும்பகுதி இந்தப் பேச்சுதான். ஒருவர் சொல்லும் நினைவுக்குள் இன்னொருவர் நினைவு, அதற்குள் ஓர் அலுவலகக் குறிப்பு. படிக்கும்போது இரண்டு பக்கம் பின்னால் புரட்டிக்கொள்ளலாம். தியேட்டரில் புரட்ட முடியுமா?

ஆல்ஃபிரட்சன் இதற்குக் கண்டுபிடித்த வழிகள் கெட்டிக்காரத்தனமானவை. ஸ்மைலியின் மூக்குக்கண்ணாடியைக் கவனியுங்கள். வேலை போனதும் படத்தின் தொடக்கத்திலேயே புதுக் கண்ணாடி வாங்குகிறார். அதற்குப் பிறகு பழைய ஃபிரேம் தெரிந்தால் ஃபிளாஷ்பேக், புது ஃபிரேம் தெரிந்தால் நிகழ்காலம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். சந்தேக வளையத்தில் இருப்பவர்களின் படங்களைச் சதுரங்கக் காய்களில் ஒட்டியிருப்பதும் படத்தின் சொந்தச் சரக்கு. நாவலில் இல்லாத கிறிஸ்துமஸ் பார்ட்டியைப் புகுத்தி, எல்லோரையும் ஓர் அறையில் நிறுத்தி, யார் கண் யாரைத் தேடுகிறது என்று காட்டிவிடுகிறார்கள். நாவலில் பல பக்கம் பிடிக்கும் உறவுகள் அங்கே சில பார்வைகளில் முடிந்துவிடுகின்றன. (லெ காரேவும் அந்தக் கூட்டத்தில் ஓரமாக நிற்கிறார்.)

சந்தேக வளையத்தில் ஒருவரான டோபி எஸ்டர்ஹேஸை மடக்கும் காட்சியை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். நாவலில் இது நான்கு சுவருக்குள் நடக்கும் நீண்ட பேச்சு. ஸ்மைலி அதட்டுவதில்லை. டோபிக்குத் தெரிந்ததையே டோபிக்குத் திருப்பிச் சொல்லி, அவர் நம்பிக்கொண்டிருந்த சுவரைச் செங்கல் செங்கலாக உருவுகிறார். படத்தில் டோபியை ஒரு விமான ஓடுதளத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சிறு விமானம் ஒன்று இறங்கி, அவர்களை நோக்கி வளர்ந்துகொண்டே வருகிறது. நாடு கடத்திவிடுவார்கள் என்று டோபிக்கு உறைக்கிறது, கண் கலங்குகிறது. அபாரமான ஷாட். ஆனால் ஒன்று கைநழுவிப் போகிறது. நாவலின் டோபி பணிவது தர்க்கத்துக்கு, படத்தின் டோபி பணிவது பயத்துக்கு. ஸ்மைலியின் ஆயுதம் எது என்பதே மாறிவிடுகிறது.

இன்னொரு சறுக்கல் இதைவிடப் பெரியது. முதல் தடவை பார்ப்பவர்கள் படம் புரியவில்லை என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான். லண்டனில் சோவியத் அதிகாரி பொல்யகோவ் ரகசியமாகத் தங்கச் சுரங்கம்போலத் தகவல் தருகிறார் என்று மேலதிகாரிகள் நம்புகிறார்கள். அவரை ஒரு ரகசிய வீட்டில் சந்திக்கிறார்கள். மாஸ்கோ சந்தேகப்படாமல் இருக்க அவர் கையில் பதிலுக்குக் கொஞ்சம் உப்புச்சப்பில்லாத தாள்களைக் கொடுத்தனுப்புகிறார்கள். உண்மை தலைகீழ். தங்கம் போவது மாஸ்கோவுக்கு, சக்கை வருவது லண்டனுக்கு. துரோகி தன் சரக்கை நேரடியாகக் கொடுக்கும் இடமே அந்த வீடு, அதுவும் மேலதிகாரிகளின் அனுமதியோடு. முழுக்கதையின் அச்சாணி இது. நாவல் இதைப் பல கோணத்தில் அரைத்து அரைத்துத் தருகிறது. படத்தில் ஓரிரு வசனங்களில் கடந்துவிடும். அந்த நேரம் பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரித்தால் மிச்சம் முழுக்கப் புகைமூட்டம்தான். தொடர் இங்கே ஜெயிக்கிறது. பேச்சுக்குப் பேச்சாக, நாவலின் நடையிலேயே, அவசரப்படாமல் போகிறது.

ஊர் மாற்றங்கள் பற்றிக் கேட்பவர்களுக்கு: பிரிட்டிஷ் ஆள் ரிக்கி டார், துரோகியைப் பற்றித் துப்புத் தரும் சோவியத் பெண் இரினாவைச் சந்திப்பது நாவலில் ஹாங்காங், தொடரில் லிஸ்பன், படத்தில் இஸ்தான்புல். துரோகியின் பழைய சினேகிதனான உளவாளி ஜிம் ப்ரிடோ சுடப்படுவது நாவலில் செக்கோஸ்லோவாகியாவில், படத்தில் புடாபெஸ்டில் ஒரு காபிக்கடை மேசையில். இதில் எதுவும் கதையைக் கெடுக்கவில்லை. துரோகி ஹேடனின் சாவு அப்படி அல்ல. நாவலில் கழுத்து முறிந்து கிடக்கிறான். கொன்றவன் யார் என்று பெயர் சொல்லாமல் நம் ஊகத்துக்கு விடுகிறார் லெ காரே. தொட்டுக் கொல்லும் தூரம் அது, பழைய சினேகிதன் மட்டுமே வரக்கூடிய தூரம். படத்தில் ஜிம் தூரத்திலிருந்து ரைஃபிளால் சுடுகிறான். கண்ணீரைக் காட்டியும் அந்தத் தூரத்தை அடைக்க முடியவில்லை. சோவியத் உளவுத் தலைவன் கார்லாவை மட்டும் படம் சரியாகக் கையாள்கிறது. தொடர் பாட்ரிக் ஸ்டூவர்ட்டை உட்காரவைத்து முகத்தைக் காட்டிவிட்டது. படத்தில் ஓல்ட்மேன் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசுகிறார், கார்லா அங்கே இருப்பதுபோல.

வரிசை கேட்டால்: நாவல், தொடர், படம். நாவலுக்குப் பொறுமை இல்லையென்றால் தொடரிலிருந்து தொடங்கலாம். படத்தை முதலில் பார்ப்பது வீண்.

மூலத்தை மூலமாகவே வைக்காத படங்களும் உண்டு, அவற்றை ஒப்பிட்டுப் பயனில்லை. ராபர்ட் லட்லமின் 1980 'பார்ன்' நாவலில் கதையே கார்லோஸ் என்ற கொலையாளியைப் பொறிவைத்துப் பிடிப்பது. 2002 படத்தில் கார்லோஸ் இல்லவே இல்லை. ஞாபகமிழந்தவன், ஸூரிக் வங்கி, மாரி என்ற பெண்: எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். ஜேம்ஸ் கிரேடியின் காண்டோர் நாவலுக்குத் தலைப்பிலேயே ஆறு நாட்கள், 1975 படத்துக்கு மூன்று நாட்கள். நாட்களைப் பாதியாகக் குறைத்ததோடு வாஷிங்டனை நியூயார்க் ஆக்கி, போதைப்பொருளை எண்ணெய் ஆக்கிவிட்டார்கள். படம் நாவலைவிட நன்றாகவே இருக்கிறது, அது வேறு விஷயம்.

மூன்றாவது ஜோடி, 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்'. நாவல் 1963, மார்ட்டின் ரிட்டின் கறுப்பு வெள்ளைப் படம் 1965. லெ காரே படங்களில் மூலத்துக்கு மிக அருகில் நிற்பது இதுதான். பிரிட்டிஷ் உளவாளி லீமஸ் குடிகாரனாகி, வேலை இழந்து, மளிகைக்கடைக்காரரை அடித்து ஜெயிலுக்குப் போவதுவரை எல்லாம் நாடகம், எதிரி வந்து விலைபேச வேண்டும் என்பதற்காக. அந்த மளிகைக்கடைக்காரராக நடித்தவர் பெர்னார்ட் லீ, அதே காலத்தில் பாண்ட் படங்களில் 'எம்' ஆக வந்தவர். பாண்டின் மேலதிகாரி கடை கல்லாவில் நின்று உதை வாங்குகிறார். தற்செயலோ குறும்போ, பொருத்தம்தான்.

முடிச்சு அவிழ்வது கிழக்கு ஜெர்மனியின் விசாரணை மன்றத்தில். முண்ட் என்ற கிழக்கு ஜெர்மன் உளவு அதிகாரியை ஒழிக்கத் தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று நம்பி வந்தவன் லீமஸ். முண்டைக் காப்பாற்றவே அனுப்பினார்கள், முண்ட் பிரிட்டனின் ஆள் என்பது அங்கே விளங்குகிறது. நாவலில் லெ காரே ஒரே வாக்கியத்தில் அந்தத் தெளிவைச் சொல்லிவிடுகிறார். படத்தில் அந்த வாக்கியத்துக்குப் பதில் ரிச்சர்ட் பர்ட்டனின் முகம். வேறொருவர் நடித்திருந்தால் வசனம் வைக்க வேண்டி வந்திருக்கும். லீமஸின் காதலி லிஸ் கோல்ட் படத்தில் நேன் பெர்ரி ஆகிவிட்டாள். பர்ட்டனின் மனைவி எலிசபெத் டெய்லரை நினைவூட்டாமல் இருக்கத்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். 'கோல்ட்' போனதோடு அவள் யூதப் பெண் என்ற குறிப்பும் போனது. நாஜி வாடை வீசும் முண்டுக்காக யூதர்களான, அவனுடைய கீழதிகாரி ஃபீட்லரும் அவளும் பலியாகிறார்கள் என்ற கசப்பு, படத்தில் ஃபீட்லரோடு நின்றுவிடுகிறது.

பெர்லின் சுவர்க் காட்சி இரண்டிலும் ஒன்றே. அவள் சுடப்பட்டு விழ, சுவரின்மேல் இருக்கும் லீமஸ் மேற்குப் பக்கம் குதிக்காமல் அவள் பக்கமே இறங்குகிறான், அவனும் சுடப்படுகிறான். படம் அங்கே, சுவரடியில் கிடக்கும் உடல்களோடு முடிகிறது. நாவலில் இன்னும் ஒரு வரி உண்டு. அதற்குப் பல அத்தியாயம் முன்பே, நெடுஞ்சாலையில் அவசரமாக ஓட்டிப்போகும் லீமஸ் ஒரு சின்னக் காரை மோத இருந்து தப்புகிறான். பின்சீட்டில் நான்கு குழந்தைகள் சிரித்துக் கையசைக்கின்றன. கொஞ்ச தூரம் போனதும் அவன் கை நடுங்க ஆரம்பித்து வண்டியை ஓரங்கட்டுகிறான். சுடப்பட்டு விழும்போது அவன் காண்பது அந்தக் காரைத்தான்: பெரிய லாரிகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கிறது, ஜன்னல் வழியே குழந்தைகள் இன்னும் கையசைத்துக்கொண்டிருக்கின்றன.