மலாவிக் கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டு வாரம்: ஒரு தன்னார்வ ஆசிரியர் சேவையின் நிறைகுறைகள்

ஆப்பிரிக்க நாடான மலாவியின் டெட்சா மாவட்டத்துக் கிராமத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு என்னை அனுப்பிவைத்த தன்னார்வ ஆசிரியர் சேவையைப் பற்றி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே கற்பித்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

தங்குமிட ஏற்பாட்டில் குறை ஒன்றுமில்லை. லிலோங்வே விமான நிலையத்தில் சொன்ன நேரத்துக்கு வண்டி வந்து நின்றது. தங்கிய வீட்டில் கொசுவலையும் காய்ச்சிய நீரும் தவறாமல் கிடைத்தன. மக்காச்சோள மாவில் கிண்டும் ன்சிமா நம் களிக்கு நெருங்கிய உறவு என்பதால் சாப்பாடும் சிரமமாக இல்லை.

சிக்கல் வகுப்பறையில்தான் தொடங்கியது. புறப்படும் முன் கொடுத்த மொழிப் பயிற்சி, வணக்கமும் நன்றியும் அடங்கிய இரண்டு பக்கத் தாளோடு முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு ஒதுக்கியதோ, சிச்சேவா மொழியைத் தவிர வேறொன்றும் அறியாத இரண்டாம் வகுப்பு. 1994இல் தொடக்கக் கல்விக்கான கட்டணத்தை அரசு நீக்கியபோது திரண்டு வந்த பிள்ளைகளுக்கு ஈடாக ஆசிரியர்களும் அறைகளும் பெருகவில்லை என்று படித்திருந்தேன். அதன் பொருள், நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் தரையில் நெருக்கியடித்து அமர்ந்திருந்த அந்த அறையில் நின்றபோதுதான் புரிந்தது. முதல் வாரம் கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிப்போயிற்று. அதே அறையில் அந்த ஊர் ஆசிரியை குரலை உயர்த்தாமல் ஒரு பாட்டைத் தொடங்குவார். கடைசி அடி முடியும்போது வகுப்பு அடங்கியிருக்கும். பிறகு சோடாமூடிகளை வரிசைக்கு ஒரு கைப்பிடி கொடுத்துக் கூட்டலும் கழித்தலும் நடத்துவார். இருபது ஆண்டு கற்பித்தவன் என்ற என் எண்ணம் அந்தச் சோடாமூடிகளோடு கரைந்தது. ஏழாம் வகுப்புக் கணக்குக்கு நானே கேட்டு மாறிக்கொண்டேன். அங்கே ஆங்கிலம் ஓரளவு செல்லும்.

பயிற்சியில் சொல்லாமல் விட்ட இன்னொன்று, உணவுப் பஞ்சம் நிலவும் மாதங்கள். மக்காச்சோள அறுவடை ஏப்ரல் வாக்கில்தான் தொடங்கும் என்பதால், ஜனவரிக்குப் பிறகு பல வீடுகளில் குதிர் காலியாகிவிடுகிறது. கடைசி வரிசையில் உறங்கி வழிந்த ஒரு பையனை நான் அதட்டியபோது, முதல் நாள் இரவு அவன் சாப்பிடவில்லை என்று உடன் ஆசிரியர் என் காதருகே வந்து சொன்னார். அதன் பிறகு கடினமான கணக்குகளை முதல் மணிக்கே மாற்றிக்கொண்டேன். வெட்கப்பட்டதைத் தவிர அந்தப் பையனுக்கு வேறு எதுவும் செய்ய என்னால் இயலவில்லை.

சேவையின் மிகப் பெரிய குறை பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகங்களில் இருந்தது. எனக்கு முன் நான்கு நான்கு வாரமாக வந்துபோன மூவரும், 'என் பெயர், என் ஊர், எனக்குப் பிடித்த நிறம்' என்ற ஒரே ஆங்கிலப் பாடத்தை முதலிலிருந்து நடத்தியிருந்தார்கள். முன்னவர் எதுவரை நடத்தினார் என்பதைப் பின்னவருக்குச் சொல்ல எந்த ஏற்பாடும் இல்லை. நான்கு வாரத் திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பருவம் முழுவதும் தங்கக்கூடியவர்கள், அதுவும் உள்ளூர் ஆசிரியருக்கு உதவியாளராக நிற்க மனமுள்ளவர்கள் மட்டும் போகலாம். தன்னார்வலர்களிடம் நிறுவனம் வாங்கும் கட்டணத்தில் பள்ளிக்கு எவ்வளவு செல்கிறது என்ற கணக்கையும் பணம் செலுத்தும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

கிளம்பும் முன், நடத்தி முடித்த பாடங்களையும் தடுமாறும் பிள்ளைகளின் பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்து வருபவரிடம் சேர்க்கும்படி நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் நீட்டினேன். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் கை நீட்டி அதை வாங்கி, தம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.