அரிக்கிற நாய்க்கு ஸ்டீராய்டா, புது மாத்திரையா? அப்போ பூனைக்கு?

சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் நாய் வளர்க்கிற ரெண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் அரிப்பில் வந்து நிற்கும். ஒருத்தர் "ஊசி போட்டோம், மறுநாளே நின்னுடுச்சு" என்பார், இன்னொருத்தர் "அது ஸ்டீராய்டு சார், கிட்னி போயிடும்" என்று பயமுறுத்துவார். ரெண்டு பேர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்டீராய்டில் வழக்கமாகக் கொடுப்பது பிரெட்னிசலோன். மலிவு, வேகம், அலர்ஜி எதுவானாலும் அநேகமாகக் கேட்கும். சில நாள் கொடுத்தால் நாய் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், ராத்திரி ஹாலிலேயே மூத்திரம் போகும், தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி வந்து நிற்கும். மருந்தை நிறுத்தினால் இதெல்லாம் சரியாகிவிடும். மாதக்கணக்கில் இழுத்தால்தான் வயிறு தொங்கும், முடி கொட்டும், தோலில் கிருமி ஏறும், சிலதுக்குச் சர்க்கரையும் வரும். என் பயம் மாத்திரையைப் பற்றி இல்லை, பல வாரம் நிற்கிற ஊசியைப் பற்றி. மாத்திரை என்றால் டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். உள்ளே போன ஊசியை என்ன செய்வது?

புது மாத்திரை என்றது ஆக்லாசிட்டினிப்பை (அபோக்வெல் என்று கேட்டால் தெரியும்). அது அரிப்புச் சேதியைக் கொண்டுபோகிற வழியையே மறிக்கிறது. ஒரு நாளுக்குள் வேலை தெரியும், அந்தத் தாகமும் பசியும் கிடையாது. முதலில் அதிகபட்சம் 14 நாள் தினம் ரெண்டு வேளை, அப்புறம் ஒரு வேளை. ஒரு வேளைக்கு மாறும்போது கொஞ்சம் அரிப்பு திரும்பும், பதற வேண்டாம். ஒரு வயசு ஆகாத குட்டிக்கும், புற்றுநோயோ பெரிய தொற்றோ இருக்கிற நாய்க்கும் கூடாது. எடைக்குத் தகுந்த அளவு என்பதால் நாட்டு நாய்க்குத் தாங்கும், லேப்ரடாருக்கு மாசாமாசம் துட்டு கரையும். வருஷத்தில் ஒண்ணு ரெண்டு தடவை வருகிற அரிப்புக்கு இவ்வளவு செலவு தேவையில்லை, பிரெட்னிசலோனே போதும். வருஷம் முழுக்கச் சொறிகிற நாய்க்கு நான் இதைத்தான் கேட்பேன்.

செட்ரிசின்? சில நாய்களுக்கு லேசாகக் கேட்கும், அவ்வளவுதான். சளி மாத்திரையோடு கலந்து வருவதை மட்டும் தொடாதீர்கள், அதில் பாராசிட்டமால் இருந்தால் பூனை செத்தே போகும்.

பூனைக் கணக்கே வேறு. ஆக்லாசிட்டினிப்புக்கு பூனையில் அனுமதி கிடையாது. பிரெட்னிசலோனை நாயைவிடப் பூனை நன்றாகவே தாங்கும். ரொம்ப நாள் தேவைப்பட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற சைக்ளோஸ்போரின் இருக்கிறது, ஆனால் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பூனை சொறிவதைப் பல சமயம் நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், நக்கி நக்கி வயிறு வழுக்கையான பிறகுதான் கண்ணில் படும்.

இதில் எதை வாங்குவதற்கு முன்னாலும் பூச்சியைப் பாருங்கள். வாலடி, இடுப்பு என்றால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. பாதம், காது, அக்குள் என்றால் உணவோ தூசியோ இருக்கலாம். சீப்பில் வருகிற கருப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள், செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். பவுடர் போட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்பவர்கள் வீட்டு இடுக்கில் தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தெள்ளுப்பூச்சியைக் கொல்கிற மாத்திரைகளில் ஃப்ளூரலானர் சுமார் 12 வாரம் நிற்கும், அஃபாக்சோலானர் ஒரு மாதம். வலிப்பு வருகிற நாய் என்றால் டாக்டரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தைப் பூனைமேல் விட்டுவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. சொறிப்பூச்சி என்று சந்தேகம் வந்தால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டீராய்டு அதை இன்னும் கிளப்பிவிடும்.

உணவு அலர்ஜி என்று சந்தேகம் என்றால் ரத்தப் பரிசோதனைக்குக் காசு கொடுப்பது வீண். இதுவரை தின்னாத ஒரு கறி, கூட அரிசி, 8 வாரம், வேறு எதுவும் கிடையாது. கோழி அலர்ஜியைச் சோதிக்கிறேன் என்று இன்னொரு கம்பெனியின் கோழி உணவை வாங்குகிறார்களே, அது எந்த ஊர் சோதனை? பாட்டி மேஜைக்கடியில் போடுகிற வர்க்கியும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு துண்டு போட்டாலும் திரும்ப முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதுதான்.